பழைய கைபேசியை வைத்திருத்தல் பற்றாகுமோ?

மனிதர் கையாளும் பொருள்களுக்கு இருவகை முடிவு உண்டு. ஒன்று, பொருள் தானே தேய்ந்தும் உடைந்தும் பயனற்றுப் போதல். மற்றொன்று, அது நன்றாக இயங்கிக் கொண்டிருக்கும்போதே, 'இது பழையது, இனி ஆகாது' என்று பிறரால் தீர்ப்பளிக்கப்பட்டு ஒதுக்கப்படுதல். முன்னது இயற்கை; பின்னது தீர்ப்பு. இயற்கைக்கு எவரும் தலை வணங்கியே தீர வேண்டும். தீர்ப்பு என்று வந்துவிட்டாலோ, அதனை அளித்தவர் யார், எந்த நியாயத்தைக் கொண்டு அளித்தார், அதனால் ஊதியம் பெறுவோர் யார், இழப்போர் யார் என்று வினவும் உரிமை அறிவுடைய ஒவ்வொருவருக்கும் உண்டு. இவ்வுரிமையைச் சிறு பொருள் ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சிறு பொருள் என் சட்டைப் பையில் இருக்கும் கைபேசியாகும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அன்பர் ஒருவர் இல்லத்தில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்து, யாவரும் தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். அவ்வேளையில் என் கைபேசி ஒலித்தது. எடுத்துப் பேசி முடித்துப் பையில் வைத்தேன். அதனைக் கண்ட இளைஞர் ஒருவர், செம்பூரில் அலுவலகப் பணி புரிபவர், நூலறிவும் தம்மத்தில் ஈடுபாடும் உடையவர், புன்முறுவலுடன் கேட்டார்: "ஐயா, ஆற்றைக் கடந்த பின்னும் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரிவது அறிவாகாது என்று பகவன் போதித்திருக்கிறாரே. தாங்கள் சுமந்து திரிவது அந்தத் தெப்பத்தைத்தானே? புதியதை விரும்புவது அவா என்றால், பழையதை விடமாட்டேன் என்பது மட்டும் அவா ஆகாதோ?"

அங்கிருந்தோர் நகைத்தனர்; நானும் நகைத்தேன். ஆயினும் 90 அடிச் சாலையின் நெரிசலிடையே வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை விடவில்லை. கேலியாகக் கேட்கப்பட்டதாயினும் அது மெய்யான வினா. பற்று என்பது பொருளின் வயதைப் பொறுத்ததன்று. பொற்குடத்தின்மேல் பற்று வைப்பவனும் உண்டு. ஓட்டைச் சட்டியின்மேல் பற்று வைப்பவனும் உண்டு. நான் எவ்வகையைச் சேர்ந்தவன் என்று என்னையே விசாரித்துக் கொள்ள வேண்டியதாயிற்று. அவ்விசாரணையையே இங்கு அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பொருள் யாது?

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். அது நோக்கியா லூமியா 520 என்னும் வகையைச் சேர்ந்தது. 2013ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. 4 அங்குலத் திரை, 512 மெகாபைட் நினைவகம், 8 ஜிகாபைட் சேமிப்பிடம், 5 மெகாபிக்சல் கேமரா ஒன்று என இவையே அதன் உடைமைகள். முகப்பில் கேமரா கிடையாது. ஆதலின் டிசம்பர் 6ஆம் நாள் தாதர் சைத்தியபூமிக்குச் செல்லும்போது பாபாசாகேப்பை விட்டு என் முகத்தைப் படம் பிடித்துக் கொள்ளும் தீவினையினின்று அது என்னைக் காத்து வருகிறது! பின்மூடியைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே பிஎல்-5ஜே என்னும் பேட்டரி இருக்கிறது. இதே பேட்டரி அந்நாளில் அந்நிறுவனத்தின் வேறு பல கைபேசிகளுக்கும் பொதுவாயிருந்தமையால் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. நான் இதுவரை இருமுறை மாற்றியுள்ளேன். அதற்குப் பணியாளரும் வேண்டா, கருவியும் வேண்டா. ஒரு நிமிடம் போதும்.

இன்று அதனால் எனக்கு ஆவன யாவை? பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம், வங்கியிலிருந்தும் ஆதாரிலிருந்தும் வரும் ஒருமுறை எண்கள் குறுஞ்செய்தியாகவே வருவதால் அவையும் தவறாது வந்து சேரும். விடியற்காலையில் எழுப்பும், கணக்குப் போடும், குறிப்பெழுத இடம் கொடுக்கும். ஆகாதன யாவை? வாட்ஸ்அப் அதில் இயங்காது. கடையில் கட்டத்தைப் படம் பிடித்துப் பணம் செலுத்த இயலாது. இணையத்தின் பெரும்பகுதி அதற்கு மூடிய கதவே. இவ்வளவையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். வழக்காடுவோன் தன் பக்கத்துக் குறையை முதலில் தானே சொல்லிவிடுதல் நேர்மை.

தேய்வும் தீர்ப்பும்

இக்கைபேசிக்கு நேர்ந்தவற்றைக் காலவரிசையில் காண்போம். அதனை இயக்கும் விண்டோஸ் போன் 8.1 என்னும் மென்பொருளுக்கு 2017 ஜூலை 11ஆம் நாளுடன் ஆதரவு நிறுத்தப்பட்டது. 2019 டிசம்பர் 16இல் அதற்குரிய செயலிக் கடை மூடப்பட்டது. அதே மாதம் 31ஆம் நாளுடன் வாட்ஸ்அப் நிறுவனம் விண்டோஸ் கைபேசிகள் அனைத்தையும் கைவிட்டது. இஃது இக்கைபேசிக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகளின் கையில் விளங்கிய பிளாக்பெரியின் பழைய கருவிகளுக்கும் 2022 ஜனவரி 4ஆம் நாள் அந்நிறுவனமே சேவையை நிறுத்திக் கொண்டது.

அன்பர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பர் 31ஆம் நாள் இரவில் அக்கைபேசிகளின் கண்ணாடியில் ஒரு கீறலும் கூடுதலாக விழவில்லை. உள்ளிருந்த செம்புக் கம்பி ஒன்றும் அறுந்துபடவில்லை. முதல்நாள் இருந்தபடியே மறுநாளும் இருந்தன. மாறியது பொருளன்று, பொருளைப் பற்றி வேறோரிடத்தில் செய்யப்பட்ட முடிவே மாறியது. ஆகவே 'பழையது' என்னும் குணம் அப்பொருளின் உள்ளே இருப்பதன்று. அது பல சார்புகளால் தோன்றுவது. செய்தவன், செயலி எழுதுபவன், அலைவரிசை தருபவன், வாங்குபவன், விளம்பரம் செய்பவன் ஆகிய இத்தனை பேரின் செயல்களைச் சார்ந்தே ஒரு பொருள் புதியதாகவோ பழையதாகவோ ஆகிறது. இச்சார்புகளைக் காணாதவன், அக்குணம் பொருளிலேயே ஊறிக் கிடப்பதாக மயங்குகிறான்.

'தாழ்ந்தது', 'தகாதது', 'தொடத்தகாதது' என்னும் சொற்கள் உள்ளிருந்து முளைப்பவை அல்ல, வெளியிலிருந்து ஒட்டப்படுபவை என்பதை நம்மைக் காட்டிலும் நன்கறிந்தவர் யாவர்? மனிதரையும் கைபேசியையும் ஒப்பிடுகிறேன் என்று எவரும் எண்ணற்க. மனிதருக்கு இழைக்கப்பட்ட இழிவு வேறு. பொருளுக்கு நேரும் தள்ளுபடி வேறு. நான் சொல்வது இவ்வளவே: பிறர் ஒட்டிய சீட்டைப் படித்தவுடன் நம்பிவிடாமல், ஒட்டிய கை எது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் நமக்கு அரிதின் வாய்த்தது. அப்பழக்கத்தைச் சிறு பொருள்களிடத்தும் கைவிடலாகாது.

தீர்ப்பு பொருளோடு நிற்பதுமில்லை. நம் தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம் பெண்கள், அங்கு வேலை செய்தனர். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வரி வழக்கின் காரணமாக அவ்வாலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் நாள் அங்கு உற்பத்தி நின்றது. எட்டாண்டுக் காலம் நுண்ணிய பாகங்களைப் பழுதின்றிப் பொருத்திப் பழகிய விரல்கள், ஒரே நாளில் வேலையற்ற விரல்களாயின. அவ்விரல்களின் திறம் முந்திய நாளைவிட ஒரு சிறிதும் குறைந்துவிடவில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்க.

நியாயம் பேசுவதானால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் கைபேசியை வைத்திருந்தோர் தொகை சிறுத்துப் போயிற்று. ஒவ்வொரு பழைய கருவிக்கும் என்றென்றும் மென்பொருள் எழுதிக் கொண்டிருக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. இது மெய்யே. ஆனால், தான் குடியிருக்க விரும்பாத வீட்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துச் செல்வது ஒன்று. சாவியைக் கொடுத்துச் செல்வது மற்றொன்று. ஆதரவை நிறுத்துவோர், பிறர் அக்கருவியைப் பேணிக் கொள்ள வழியேனும் திறந்து வைத்துச் செல்லலாமன்றோ? மனம் இருந்தால் வழியுண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இணையமற்ற கைபேசி உடையோரும் அழைப்பின் வாயிலாகவே பணம் செலுத்துமாறு, 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'யூபிஐ 123பே' என்னும் முறையைத் தொடங்கி வைத்தது. பழைய பொருளை வைத்திருப்போரையும் மக்களாகக் கருதினால் இவ்வாறு செய்ய முடிகிறது.

ஆனந்தரின் விடை

வினய பிடகத்தின் சுல்லவக்கத்தில் ஒரு வரலாறு காணப்படுகிறது. கோசாம்பியில் உதயண மன்னனின் தேவியர் ஆனந்த தேரருக்கு 500 துவராடைகளைத் தானமாக அளித்தனர். மன்னன் ஐயுற்றான். ஒரு பிக்குவுக்கு ஐந்நூறு ஆடை எதற்கு? வாணிகமா செய்யப் போகிறார்? நேரே சென்று வினவினான். ஆடை நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்பேன் என்றார் தேரர். அவர்களுடைய பழைய ஆடைகளை என் செய்வீர்? படுக்கையின் மேல்விரிப்பாக்குவோம். பழைய மேல்விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறைகளை? தரைவிரிப்பாக்குவோம். பழைய தரைவிரிப்புகளை? கால் துடைக்கும் துணியாக்குவோம். அதுவும் பழையதானால்? தூசி தட்டும் துணியாக்குவோம். அதுவும் நைந்தால்? கிழித்துச் சேற்றோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகளை அளித்தான் என்பது வரலாறு.

இவ்வரலாற்றைச் சிக்கனத்துக்கு மேற்கோளாகச் சொல்லுவர். அதனினும் ஆழ்ந்த பொருள் இதில் உண்டு. ஆனந்தர் புதிய ஆடையை மறுக்கவில்லை. மனமுவந்து ஏற்றுக் கொண்டார். ஆகவே புதியதைப் பெறுதல் குற்றமன்று. மன்னன் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி 'பழையது எங்கே போகிறது?' என்பதே. அக்கேள்விக்குக் கடைசிச் சேற்றுருண்டை வரையில் விடை சொல்ல வல்லவரிடம் புதியதை ஒப்படைக்கலாம் என்று அவன் கண்டான். புதியதைப் பெறும் தகுதி, பழையதன் கதியைச் சொல்லத் தெரிந்தவனுக்கே உரியது.

அக்கேள்வியை இன்று நம்மை நோக்கிக் கேட்போம். நாம் வீசும் கைபேசி எங்கே போகிறது? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் நூற்றுக்கு 22.3 பங்கே முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பினர் வெளியிட்ட 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மிகுதி எங்கே? நம் பம்பாய் மாநகரில் அதற்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் நகரத்தின் பிளாஸ்டிக் தரம் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, அரைக்கப்பட்டு மறுபிறவி எடுக்கிறது. குர்லாவிலும் சாக்கிநாக்காவிலும் மின்னணுப் பொருள்கள் பிரிக்கப்படுகின்றன. முறைசாராத் தொழிற்கூடங்களில் சுத்தியலும் உளியுமே கருவிகள். பலகையை நெருப்பில் காட்டி ஈயப் பற்றை இளக்கிச் சில்லுகளைப் பிரிப்பர். அமிலத்தில் இட்டு உலோகத்தை எடுப்பர். ஆனந்தர் சொன்ன அறத்தை இம்மாநகரில் உண்மையாகக் கைக்கொள்வோர் இத்தொழிலாளரே ஆவர். உலகம் எறிந்ததைப் பொறுக்கி மீண்டும் பயனாக்கும் அவர்களை இகழ்வது பேதைமை. ஆனால் அவ்வறத்துக்குரிய விலையை அவர்கள் தம் நுரையீரலால் செலுத்துகின்றனர். தூசி தட்டும் துணியில் நஞ்சில்லை, கைபேசியில் உண்டு.

2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பொருளைச் செய்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். நல்ல விதியே. ஆயினும் நம் வீட்டு வாசலுக்கு வருபவர் விதியன்று, பழைய சாமான் வாங்குபவரே.

எறிதலில் மட்டுமன்று, செய்தலிலும் துன்பம் உண்டு. ஐபோன் 13 வெளிவந்த 2021இல் ஆப்பிள் நிறுவனமே வெளியிட்ட அறிக்கையின்படி, அக்கைபேசி தன் வாழ்நாளில் விளைவிக்கும் கரிக்காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அதனைச் செய்யும்போதே உண்டாகிவிடுகிறது. நாம் பயன்படுத்துவதால் உண்டாவது சிறு பங்கே. பேட்டரிக்கு வேண்டும் கோபால்ட்டில் உலக உற்பத்தியின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குச் சிறுவர்களும் சுரங்கத்தில் உழைப்பதை 2016இல் அம்னெஸ்டி அமைப்பு எடுத்துக் காட்டியது. ஆகலின் ஒரு கைபேசியை மூன்றாண்டுக்குப் பதில் ஆறாண்டு வைத்திருப்பவன், செய்தலில் விளைந்த துன்பத்தை இரட்டிப்புக் காலத்துக்குப் பகிர்ந்து பாதியாக்குகிறான். இஃது எளிய கணக்கு.

கடனின்மை என்னும் இன்பம்

இல்லறத்தார் எய்தும் இன்பம் நான்கு என்று பகவன் அநாதபிண்டிகருக்குப் போதித்தார்: பொருளுடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை. கடனின்மையைத் தனியோர் இன்பமாக எண்ணி வைத்த ஆசிரியரின் உலகியல் அறிவு வியக்கத்தக்கது. மற்றோரிடத்தில் அவர் வறுமை, கடன், வட்டி, நெருக்குதல், பின்தொடர்தல், கட்டுண்ணுதல் என்று துன்பத்தின் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கிறார். இன்று கைபேசி வாங்குவோர் பலர் இப்படிகளின் வழியே இறங்குவதைத் தாராவியின் எந்தச் சந்திலும் காணலாம். மாதத் தவணை என்னும் பெயரில் கடன் எளிதாகிறது. பழைய கைபேசியின் தவணை முடியும் மாதத்தில் புதிய கைபேசியின் விளம்பரம் வந்து சேருகிறது. தவணை தவறினால் அழைப்பு வருகிறது. அதுவும் அதே கைபேசிக்கே வருகிறது! நெருக்குதலையும் பின்தொடர்தலையும் நாமே விலைகொடுத்து வாங்கிப் பையில் வைத்துக் கொள்கிறோம்.

சிகாலனுக்கு உரைத்த அறத்தில், வருவாயை நான்கு கூறாக்கி ஒரு கூறைத் துய்க்கவும், இரு கூறுகளைத் தொழிலில் இடவும், ஒரு கூறை இடர்க் காலத்துக்குச் சேமிக்கவும் பகவன் வழி காட்டினார். இவ்வகுப்பில், இயங்கும் கைபேசியை எறிந்துவிட்டு மற்றொன்றை வாங்கும் செலவு எக்கூற்றில் சேரும் என்று அன்பர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மறுப்புகள் மூன்று

இனி என் வழக்கை எதிர்க்கும் மறுப்புகளைக் காண்போம். முதல் மறுப்பு: பாதுகாப்புத் திருத்தம் பெறாத கைபேசி திருடருக்குத் திறந்த வீடு அன்றோ? ஆம். இம்மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆதலின் பணம், கடவுச்சொல், ஆவணம் ஆகிய எவற்றையும் அதில் வைப்பதில்லை. அதனைப் பேசவும் எழுப்பவும் மட்டுமே ஏவுகிறேன். முதிய தொழிலாளியிடம் மூட்டை சுமக்கச் சொல்லாமல் வாயிற் காவல் தருவது போன்றது இது. பழைய கைபேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து வைப்போர் என் கட்டுரையை மேற்கோள் காட்டாதிருப்பாராக.

இரண்டாம் மறுப்பு இதனினும் கூரியது. என் மகளே கேட்டது. "அப்பா, ரயில் சீட்டு என் போனில் எடுக்கிறீர்கள், மின்கட்டணம் என் போனில் கட்டுகிறீர்கள், சங்கத்துச் செய்தியை நான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் எளிமையின் சுமையை நான்தானே தூக்குகிறேன்?" என்றாள். உண்மை. பிறர் தோளில் ஏறி நின்று கொண்டு 'நான் ஒன்றையும் சுமக்கவில்லை' என்பவன் துறவியல்லன். அன்று முதல் கட்டணங்களை நானே நேரில் சென்று செலுத்துகிறேன்; ரயில் சீட்டுக்கு நிலையத்தில் வரிசையில் நிற்கிறேன். வரிசையில் நிற்க எனக்குப் பொழுதுண்டு. பொழுதில்லாதவர், இரண்டு வேலை பார்ப்பவர், செயலி வழியே சவாரி பெறும் வண்டியோட்டி, பிள்ளை வளர்க்கும் தாய் ஆகியோருக்கு இது பொருந்தாது. 2020இல் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைபேசியில் வந்தன. தக்க கைபேசியின்றிப் படிப்பை இழந்த பிள்ளைகளிடம் சென்று பழையதில் நிறைவு காணுங்கள் என்று உபதேசிப்பது கொடுமை.

இதிலிருந்தே மூன்றாம் மறுப்பு எழுகிறது. சமயம் வறுமையைப் புனிதமாக்கலாகாது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1950இல் மகாபோதி இதழில் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் 'பழையதே போதும்' என்று எத்தனையோ நூற்றாண்டுகள் போதிக்கப்பட்டது. பழைய சோறும் பழைய துணியுமே நமக்கு உரியவை என்று விதித்த சமுதாயத்தினின்று வெளியேறியவர்கள், இப்போது பழைய கைபேசியைப் புகழலாமா?

இதுவே என்னை நெடுநேரம் நிறுத்திய மறுப்பு. என் விடை இது: இல்லாமையால் பழையதை வைத்திருத்தல் வேறு, இருந்தும் ஆராய்ந்து வைத்திருத்தல் வேறு. முன்னதைப் புகழ்வது அநீதி. அதனை நீக்கவே போராட வேண்டும். பின்னது விடுதலையின் ஒரு பகுதி. 'உனக்குப் பழையதே போதும்' என்று விதித்தவனும், 'உனக்குப் பழையது ஆகாது' என்று விற்பவனும் ஒன்றில் ஒத்திருக்கின்றனர்: எனக்கு எது போதும் என்று முடிவு செய்யும் உரிமையை இருவரும் என்னிடமிருந்து எடுத்துக் கொள்கின்றனர். அவ்வுரிமையை இருவரிடமிருந்தும் மீட்பதே என் வழக்கு.

எனவே இதனை விதியாக்கவும் கூடாது. தேவதத்தன் ஐந்து கடிய நோன்புகளைச் சங்கத்தார் அனைவர்க்கும் கட்டாயமாக்கக் கேட்டபோது பகவன் மறுத்தார். விரும்பினோர் காட்டில் வாழலாம், விரும்பினோர் கந்தையணியலாம் என்றார். எளிமையைக் கட்டாயமாக்கிப் பிறரை அளக்கும் கோலாக்கினால், அது அகந்தையாய் முடியும். என் கைபேசியைப் பிறர்முன் வேண்டுமென்றே எடுத்து மேசைமேல் வைக்கும் நாள் எனக்கும் வந்ததுண்டு. அன்று அது புதிய கைபேசியைக் காட்டிலும் பெரிய ஆடம்பரமாயிருந்தது.

தனிமனிதர் ஒழுக்கம் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். பழைய பேட்டரியுடைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாங்கியவருக்கு இதனை அறிவிக்காமைக்காகப் பிரான்சு நாடு 2020இல் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2021இல் அந்நாட்டில் கைபேசிக்கு 'இது எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத் தக்கது' என்னும் மதிப்பெண் இடம்பெறத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பின்னும் முக்கிய உதிரிப் பாகங்களை 7 ஆண்டுகளும், மென்பொருள் திருத்தங்களை 5 ஆண்டுகளும் தருவது கடமையாயிற்று. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு ஒன்று 2022இல் அமைக்கப்பட்டது. ஐரோப்பியக் குடிமகனுக்குக் கிடைத்த உரிமை, லேபர் கேம்ப் குடிமகனுக்கும் கிடைக்க வேண்டும். அந்நாளில் என் போன்றோரின் பிடிவாதத்துக்கு வேலையிராது.

தெப்பம்

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். தெப்ப உவமையில், வழிப்போக்கன் தெப்பத்தை எப்போது விடுகிறான்? அக்கரை சேர்ந்த பின். நடு ஆற்றில் வண்ணம் தீட்டிய வேறொரு தெப்பம் மிதந்து வருகிறது என்பதற்காகத் தன்னுடையதை விட்டுத் தாவுமாறு பகவன் கூறவில்லை. என் கைபேசி இன்னும் என்னைச் சுமக்கிறது. நான் அதனைச் சுமக்கவில்லை. பற்றா அன்றா என்று அறிய உரைகல் ஒன்றே: அது நின்றுபோகும் நாளில் என் மனம் என்ன செய்யும்?

அந்நாள் வரும். 2016இல் தொடங்கிய ஜியோ வலையில் இவ்வகைக் கைபேசி பேசவே பேசாது. ஏர்டெல் நிறுவனம் 2019இல் கொல்கத்தாவிலிருந்து தொடங்கி 3ஜி அலைவரிசையை மூடியது. எஞ்சி நிற்கும் 2ஜியும் ஒருநாள் மூடப்படும். தோன்றியவை யாவும் மறையும் என்பதற்கு அலைவரிசை விலக்கன்று. அன்று இரங்காமல் விடுவேனாயின் அது பற்றன்று. புலம்புவேனாயின் இளைஞர் சொன்னதே சரி. பேட்டரியைக் கழற்றித் தனியே மின்னணுக் கழிவு பெறுமிடத்திலும், உடலை உதிரிப் பாகம் வேண்டுவோரிடமும் சேர்ப்பது என்று இப்போதே தீர்மானித்து வைத்திருக்கிறேன்.

இவ்விடையை அடுத்த ஞாயிறன்று இளைஞரிடம் கூறினேன். அவர் என் கருத்தை ஏற்றுக் கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "ஐயா, தங்கள் வாதம் நன்று, ஆனால் என் வேலைக்குப் புதியது வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லி, அடுத்த மாதமே புதியதை வாங்கினார். ஆனால் பழையதைக் கையில் எடுத்து வந்து, "இது யாருக்குப் பயன்படும்?" என்று கேட்டார். எங்கள் தெருவில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர் ஊரிலுள்ள தம் பேரனோடு இன்று அதில்தான் பேசுகிறார். படுக்கை விரிப்பு தரைவிரிப்பாயிற்று.

அன்பர்களே! புதியதை வாங்கலாமா கூடாதா என்பதன்று நம்முன் உள்ள வினா. உதயண மன்னன் கேட்ட அதே கேள்வியை, கடையில் பணம் எண்ணிக் கொடுக்கும் முன் ஒருமுறை நம்மை நாமே கேட்டுக் கொள்வோம்: பழையதை என் செய்வீர்? அதற்கு விடை இருந்தால் வாங்குக. விடை இல்லையேல், வீட்டுக்குத் திரும்பி, பழையதன் பேட்டரியை மாற்றிப் பார்க்க.